சீனிக்கிழங்கு போர்த்திய ஷெப்பர்ட்ஸ் பை: மதுரைச் சமையலறையிலிருந்து ஒரு செய்முறைப் பதிவு

ஆட்டுக் கொத்துக்கறியைக் கெட்டிக் குழம்பாக வேகவைத்து, ஆழமான பாத்திரத்தில் பரப்பி, அதன் மேல் மசித்த கிழங்கைப் போர்த்தி, மேற்பரப்பு சிவக்கும்வரை சூட்டில் வைத்து எடுக்கும் பிரிட்டன் நாட்டு வீட்டுச் சாப்பாடுதான் ஷெப்பர்ட்ஸ் பை. மற்ற பை வகைகளைப் போல இதற்கு மாவில் செய்த மேலோடு கிடையாது. மசித்த கிழங்கே மூடியாகிவிடுகிறது. இதே வகை உணவு காட்டேஜ் பை என்ற பெயரில் 1791-ஆம் ஆண்டிலேயே எழுத்தில் வந்துவிட்டது. ஷெப்பர்ட்ஸ் பை என்ற பெயர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. முன்பு இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். இன்று ஆட்டுக்கறி வைத்தால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டுக்கறி வைத்தால் காட்டேஜ் பை என்று பிரித்துச் சொல்வது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சுட்ட கறியில் மீந்ததை மறுநாள் வீணாக்காமல் சாப்பிடப் பிறந்த உணவு இது. இப்போது பெரும்பாலும் பச்சைக் கொத்துக்கறியிலேயே செய்கிறார்கள்.

மேலே வைப்பது வழக்கமாக உருளைக்கிழங்கு. நான் எங்கள் வீட்டில் அதற்குப் பதிலாகச் சீனிக்கிழங்கை, அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கை, வைத்துச் செய்கிறேன். உருளைக்கும் இதற்கும் உறவு கிடையாது. உருளை கத்தரி, தக்காளியின் குடும்பம், சீனிக்கிழங்கு வள்ளைக்கீரையின் குடும்பம். ஆகவே ஒன்றுக்கு எழுதிய செய்முறையில் மற்றொன்றை அப்படியே தூக்கிப் போட்டால் மேலே இனிப்பான களியும் கீழே நீர்த்த குழம்புமாகத்தான் வரும். கிழங்கின் இனிப்பு எவ்வளவு இருக்க வேண்டும், இரண்டு அடுக்குகளிலும் ஈரம் எவ்வளவு நிற்க வேண்டும் என்ற இரண்டையும் சமைப்பவர் தம் கைக்குள் வைத்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் நமக்கு நன்றாகத் தெரிந்த வேலைதான்.

தெரிந்த வேலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கொத்துக்கறியை மதுரைக்கு யாரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கோலா உருண்டையும், தோசை மாவின் மேல் கொத்துக்கறியைப் பரப்பிச் சுடும் கறிதோசையும் இந்த ஊரின் அடையாளங்கள். ஆடு மேய்ப்பவர்களின் பெயரைத் தாங்கிய உணவு என்பதும் இந்தப் பக்கத்துக்குப் பொருந்தித்தான் வருகிறது. அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டு ஊர் ஊராக நகரும் கீதாரிகளை மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் வட்டாரங்களில் இன்றைக்கும் பார்க்கலாம்.

சுமார் 20 செ.மீ. அகலமும் 25 செ.மீ. நீளமும் உள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவு இது: கொத்துக்கறி 600 கிராம், அதில் கொழுப்பு பத்தில் ஒரு பங்கு, சீனிக்கிழங்கு 1 கிலோ, பெரிய வெங்காயம் 2, கேரட் 2, உரித்த பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி, பூண்டு 6 பல், நன்கு பழுத்த தக்காளி 3, மைதா 1 மேசைக்கரண்டி, வெண்ணெய் 30 கிராம், ஒரு முட்டையின் மஞ்சள் கரு, எலும்புச் சாறு 400 மி.லி. மிளகு, உப்பு, ஓமம், புளி ஆகியவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நல்ல பசியோடு இருக்கும் ஐந்து பேருக்கு இது போதும்.

கறியை நெல்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு கடையில் வாங்குகிறேன். முன்னங்கால் சப்பைக் கறிதான் இதற்கு ஏற்றது, ஏனெனில் அதில் சவ்வும் நரம்பும் கொஞ்சம் ஓடியிருக்கும். மெதுவாக வேகும்போது அந்தச் சவ்வுதான் கரைந்து குழம்புக்குப் பிசுபிசுப்பான கெட்டித்தன்மையைத் தரும். தொடைக்கறி சுத்தமாக இருந்தாலும் கொத்தி வேகவைத்தால் உதிர்ந்து வறண்டுவிடுகிறது. மெஷினில் அரைத்த கறியை நான் வாங்குவதில்லை. மெஷின் கறியை நசுக்கி அனுப்புவதால் சாறு முன்னதாகவே வெளியேறிவிடுகிறது, சட்டியில் விழுந்ததும் கூழாகிறது. புளியமரக் கட்டையின் மேல் இரண்டு கத்திகளை மாறி மாறி இறக்கிக் கொத்தும்போது, ஒவ்வொரு துணுக்கும் தனித்து, ஓரம் வெட்டுப்பட்டு, துவரம்பருப்பு அளவில் நிற்கிறது. கடைக்காரர் வழக்கமாகக் கேட்பார்: “கொழுப்பைக் கழிச்சிரவா, சேத்துக் கொத்தவாக்கா?” சேர்த்தே கொத்தச் சொல்கிறேன். பிரிட்டனில் இதற்குப் பயன்படுத்தும் இளஞ்செம்மறிக் கறியில் இயல்பாகவே கொழுப்பு அதிகம். நம் வெள்ளாட்டுக்கறி அதைவிட மெலிந்தது. தனியாகக் கொஞ்சம் கொழுப்பு சேர்க்காவிட்டால் வதக்கும்போது சட்டியில் ஒட்டிக்கொள்ளும். செம்மறி கிடைத்தால் கூடுதல் கொழுப்பு வேண்டியதில்லை.

கிழங்கு வாங்குவதற்கு நல்ல காலம் மார்கழியும் தையும். பொங்கலுக்குப் படைக்கவென்று மாட்டுத்தாவணிச் சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும்போது எடுத்துப் பார்த்து வாங்கலாம். சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையும் உள்ள கிழங்குதான் இங்கே மிகுதி. வெந்தால் மாவாக உடையும், ஈரம் குறைவு. ஆரஞ்சுச் சதையுள்ள கிழங்கு, பீட்டா கரோட்டின் நிறைந்தது, பார்வைக்கும் அழகு. ஆனால் அதில் நீர் அதிகம், மசித்தால் தளர்ந்துவிடும். இரண்டும் கிடைக்கும்போது முக்கால் பங்கு வெள்ளையும் கால் பங்கு ஆரஞ்சும் கலந்துகொள்கிறேன். நிறமும் வருகிறது, உறுதியும் குறைவதில்லை.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். தோலில் குண்டூசி முனையளவு கருந்துளைகள் இருந்தால் அது கூன்வண்டு துளைத்த கிழங்கு. வண்டு தின்றதை எதிர்த்துக் கிழங்கு தனக்குள் சுரக்கும் கசப்புப் பொருள் வேகவைத்தாலும் போகாது. அழுகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சேர்த்தாலும் கசப்பு கலந்துவிடும் என்பதால், நறுக்கியதும் நறுக்கிய பக்கத்தை முகர்ந்து பார்த்து, சந்தேகம் இருந்தால் அந்தக் கிழங்கையே ஒதுக்கிவிடுகிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்த கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. 12 டிகிரிக்குக் கீழே போனால் அதன் நடுப்பகுதி எவ்வளவு வேகவைத்தாலும் கட்டியாகவே நிற்கும். காற்றோட்டமான கூடை போதும்.

முதல் வேலை எலும்புச் சாறு. கால் கிலோ நெஞ்செலும்பைக் கழுவி, 750 மி.லி. தண்ணீர், நான்கு மிளகு, ஒரு துண்டு இஞ்சி சேர்த்து குக்கரில் 5 விசில் விட்டு, வடிகட்டி, தெளிந்ததும் மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துத் தனியே வைக்கிறேன். வெங்காயம் வதக்க அந்தக் கொழுப்பே உதவும்.

அடுத்து, சுவைக்கான புளிப்பு. பிரிட்டனில் இந்தக் குழம்பில் கட்டாயம் விழுவது வொர்செஸ்டர்ஷயர் சாஸ். வொர்செஸ்டர் நகரத்தில் 1837-ஆம் ஆண்டிலிருந்து விற்பனைக்கு வரும் அந்தச் சாஸின் உள்ளடக்கத்தைப் பார்த்தால் நமக்கு எல்லாமே தெரிந்த பொருள்கள்: காடி (வினிகர்), வெல்லப்பாகு, புளி, வெங்காயம், பூண்டு, உப்பில் ஊறிய நெத்திலி வகை மீன். ஆகவே நான் குப்பி தேடி அலைவதில்லை. நெத்திலிக் கருவாடு நான்கைத் தலை கிள்ளி, மணல் போகக் கழுவி, ஈரம் போக வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்துப் பொடித்து, ஒரு மேசைக்கரண்டி கெட்டிப் புளிக்கரைசலிலும் ஒரு தேக்கரண்டி காடியிலும் கலந்து வைக்கிறேன். வெல்லத்தை விட்டுவிடுகிறேன், மேலே வரும் கிழங்கில் இனிப்பு இருக்கும்போது குழம்பிலும் இனிப்பு எதற்கு? கருவாட்டு வாடை பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். இந்த அளவில் அது மீனாகத் தெரியாது. கறியின் ருசியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மறைந்துவிடும்.

தைம் என்ற மூலிகையையும் இதற்குச் சொல்வார்கள். பெரிய கடைகளில் உலர்ந்த தைம் கிடைக்கிறது. அதன் மணத்துக்குக் காரணமான தைமால் என்ற பொருள்தான் நம் ஓமத்திலும் இருக்கிறது என்பதால், இரண்டு சிட்டிகை ஓமத்தைக் கையில் கசக்கிப் போட்டால் அந்த மணம் ஏறக்குறைய வந்துவிடும். தொட்டியில் கற்பூரவல்லி வளர்ப்பவர்கள் ஒரே ஓர் இலையை நறுக்கிப் போடலாம். இரண்டாவது இலை போட்டால் கஷாய வாடை வந்துவிடும்.

இனி வதக்கல். அகலமான இருப்புச்சட்டியை நன்றாகக் காயவைத்து, கறியைப் பாதி பாதியாகத்தான் போட வேண்டும். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, கறி தன் சாற்றிலேயே வேகத் தொடங்கும், சிவக்காது. பாதியைப் பரப்பியதும் கரண்டியை எடுத்துக் கிண்டாமல் விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறேன். முதலில் நீர் கொதிக்கும் சலசலப்புக் கேட்கும். சாறு வற்றியதும் அந்தச் சத்தம் மாறி, கொழுப்பில் பொரியும் சடசடப்பு எழும். அப்போது புரட்டினால் அடிப்பக்கம் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். இந்த நிறம்தான் குழம்பின் உயிர். இரண்டு பாதியையும் இப்படிச் சிவக்க வைத்துத் தனியே எடுத்துவிட்டு, அதே சட்டியில் எடுத்துவைத்த கொழுப்பை ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் கேரட்டையும் உப்புப் போட்டுப் பொறுமையாக வதக்குகிறேன். சட்டியில் ஒட்டிய கறித் துகள்கள் வெங்காயத்தின் ஈரத்தில் தாமாகவே கழன்று வரும். பிறகு தட்டிய பூண்டு, ஓமம், ஒரு தேக்கரண்டி கொரகொரப்பான மிளகு. மிளகைத் தாராளமாகப் போடுகிறேன். பச்சை மிளகாயும் மிளகாய்த்தூளும் சேர்ப்பதில்லை. கரம் மசாலாவும் வேண்டாம். சோம்பும் பட்டையும் விழுந்தால் இது கோலா உருண்டையின் ருசிக்குப் போய்விடும், அது வேறு உணவு.

தக்காளியை அரைத்து ஊற்றி, பச்சை வாடை போய் எண்ணெய் ஓரத்தில் ஒதுங்கும்வரை சுருள வைக்க வேண்டும். அதில் மைதாவைத் தூவி ஒரு நிமிடம் கிளறி, கறியைத் திரும்பச் சேர்த்து, எலும்புச் சாற்றை மூன்று தவணையாக ஊற்றுகிறேன். புளிப்புக் கலவையையும் இப்போதே சேர்த்துவிடலாம். அதன் பிறகு எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி, மூடி போட்டு, மிகச் சிறிய தீயில் வேகவிடுவேன். புளியையும் தக்காளியையும் இரும்பில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் இரும்பு வாடை ஏறிவிடும். இளஞ்செம்மறிக்கு அரைமணி நேரம் போதும் என்று பிரிட்டன் செய்முறைகள் சொல்லும். வெள்ளாட்டுக்கு 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. குக்கரில் 3 விசில் விட்டும் எடுக்கலாம், ஆனால் பிறகு திறந்துவைத்துச் சுண்ட வைக்கும் வேலை இருக்கிறது.

பட்டாணியைக் கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டு, மூடியை எடுத்துவிட்டுச் சுண்ட வைக்கிறேன். எப்போது நிறுத்துவது என்பதற்கு எனக்கு ஒரு சோதனை உண்டு. பாத்திரத்தின் நடுவே கரண்டியால் ஒரு கோடு இழுத்தால் அடி தெரிய வேண்டும். இரண்டு பக்கத்துக் குழம்பும் உடனே ஓடிவந்து மூடாமல் மெல்ல நகர வேண்டும். அப்போது ருசி பார்த்தால் தனியாகச் சாப்பிடச் சற்று உப்பும் புளிப்பும் தூக்கலாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும், மேலே இனிப்பான அடுக்கு காத்திருக்கிறது. இந்த நிலையில் கறியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். கொதிக்கும் குழம்பின் மேல் மசியலை வைத்தால் அது உள்ளே அமிழும்; ஆறிய குழம்பு இறுகி மேலடுக்கைத் தாங்கும்.

குழம்பு ஆறும் நேரத்தில் கிழங்கு. இந்த வேலையின் நுட்பமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

சீனிக்கிழங்கைச் சூடான சாம்பலிலோ தணலிலோ முழுதாகப் புதைத்துச் சுட்டால் தேனாக இனிக்கும் என்பதை ஊர்ப்பக்கம் வளர்ந்த எல்லோரும் அறிவார்கள். அந்த இனிப்பு முழுவதும் கிழங்கில் முன்பே இருந்ததன்று. கிழங்குக்குள் பீட்டா அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. ஏறத்தாழ 60 டிகிரியைத் தாண்டிக் கிழங்கின் மாவுச்சத்து இளகத் தொடங்கியதும் அந்த நொதி மாவுச்சத்தை உடைத்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். 80 டிகிரியை நெருங்கியதும் நொதி செயலிழந்துவிடும். தணலில் முழுக்கிழங்கு மெதுவாகச் சூடேறும்போது இந்த இடைப்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் நிற்பதால் இனிப்பு ஏறிக்கொண்டே போகிறது. மாலைச் சிற்றுண்டிக்கு அது வரம். கறியின் மேல் போர்த்துவதற்கோ அவ்வளவு இனிப்பு கூடாது. ஆகவே இதற்கு எதிர்வழியில் போக வேண்டும்: கிழங்கைத் தோல் சீவி, 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, இட்லிக் கொப்பரையில் தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி பறக்கத் தொடங்கிய பிறகுதான் தட்டில் பரப்பி மூட வேண்டும். சிறு துண்டுகள் சில நிமிடங்களுக்குள் அந்த வெப்ப எல்லையைக் கடந்துவிடுவதால் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைப்பதில்லை. ஒரே கூடையில் வாங்கிய கிழங்குகளில் ஒன்றை முழுதாகச் சுட்டும் இன்னொன்றை இப்படி அவித்தும் அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு வகைக் கிழங்கோ என்று தோன்றும், அவ்வளவு வித்தியாசம்.

தண்ணீரில் போட்டு வேகவைப்பதை நான் ஒப்புவதில்லை. கிழங்கு நீரை உறிஞ்சிக்கொள்ளும், மசியல் தளரும். ஆவியில் 12 முதல் 15 நிமிடத்தில், கத்தி முனை தடையில்லாமல் இறங்கும் பதம் வந்துவிடும். நறுக்கிய துண்டுகள் ஆவிக்குப் போகும்வரை உப்புத் தண்ணீரில் கிடக்கட்டும். வெளியே இருந்தால் கறுக்கும். வெந்த கிழங்கும் இரும்பு பட்டால் பச்சைசாய்ந்த சாம்பல் நிறமாக மாறும், கிழங்கிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் இரும்போடு சேர்வதுதான் காரணம். எனவே அடுத்த கட்டத்துக்கு இருப்புச்சட்டியைத் தொடக் கூடாது. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தைச் சிறு தீயில் வைத்து, அவித்த துண்டுகளைக் கொட்டி, மூன்று நான்கு நிமிடம் மெதுவாகப் புரட்டினால் துண்டுகளிலிருந்து ஆவி எழுந்து, ஓரங்களில் வெள்ளை மாவுப்பூச்சு படியும். உள்ளே தங்கிய ஈரம் போய்விட்டது என்பதற்கு அந்தப் பூச்சுதான் அடையாளம்.

மசிப்பதற்கு மிக்ஸி கூடாது. வேகமாகச் சுற்றும் பிளேடு மாவுச்சத்தைச் சிதைத்துப் பசையாக்கிவிடும். பருப்பு மத்தால் கடையலாம், ஆனால் சீனிக்கிழங்கில் ஓடும் நார் மத்துக்கு மசியாது. எனக்குக் கைகொடுத்தது முறுக்கு உரல். சேவுக்குப் போடும் அச்சை, அதாவது இடியாப்ப இழையை விடச் சற்றுத் தடித்த துளையுள்ள வில்லையைப் போட்டு, சூடான கிழங்கை அடைத்துப் பிழிந்தால், மென்மையான இழைகளாகப் பாத்திரத்தில் விழும். நார் முழுவதும் வில்லையின் உட்புறத்தில் முடிக்கற்றை போலத் தங்கிவிடும். ஒவ்வொரு அடைப்புக்கும் பிறகு அந்த நாரை விரலால் வழித்தெடுத்தால் அடுத்த அடைப்பு சுலபமாக இறங்கும். உருளைக்கிழங்குக்கென்று வெளிநாட்டில் விற்கும் பிழியும் கருவி செய்வதும் இதையேதான், நம் வீடுகளில் அது முன்பே பரணில் இருக்கிறது. பிழிந்த இழைகளில் வெண்ணெய், உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், அரை எலுமிச்சையின் சாறு, மஞ்சள் கரு ஆகியவற்றைச் சேர்த்து மரக்கரண்டியால் மடித்து மடித்துக் கலக்கிறேன். உருளைக்குச் செய்வது போலப் பால் ஊற்றத் தேவையில்லை. எலுமிச்சை இனிப்பை மட்டுப்படுத்தும். மஞ்சள் கரு மேலடுக்கை இறுக்கி, வெட்டும்போது சரியாமல் நிறுத்தும்.

ஆறிய கறியின் மேல் மசியலை ஓரங்களிலிருந்து தொடங்கி நடுவை நோக்கிப் பரப்ப வேண்டும். நடுவில் ஒரு குவியலாகக் கொட்டி வெளியே தள்ளினால் குழம்பு பிதுங்கி ஓரத்தில் ஏறிவிடும். மசியல் கண்ணாடியின் விளிம்பைத் தொட்டு ஒட்டிக்கொண்டால் கொதிக்கும் சாறு மேலே வராது. பிறகு முள்கரண்டியால் நீளவாக்கில் கீறி வரப்பு வரப்பாக எழுப்பி, உருக்கிய வெண்ணெயைத் தூரிகையால் தொட்டுத் தடவுகிறேன். அந்த வரப்புகளின் முகடுகள்தான் முதலில் சிவந்து மொறுமொறுப்பாகும். பள்ளங்கள் மென்மையாக நிற்கும். ஒரே கரண்டியில் இரண்டும் வாயில் வருவதற்குத்தான் இந்த ஏற்பாடு.

ஓடிஜியை, அதாவது மேலும் கீழும் கம்பி சூடாகும் சிறு மின்சார அடுப்பை, 190 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டிச் சூடாக்கி, பாத்திரத்தைக் கீழ்த்தட்டில் வைத்து 25 நிமிடம் விடுகிறேன். உருளைக்கிழங்கு மேலடுக்குக்கு 200 டிகிரிக்கு மேல் சொல்வார்கள். சீனிக்கிழங்கில் சர்க்கரை இருப்பதால் அது விரைவில் நிறம் மாறும். அந்தச் சூட்டில் நடு கொதிப்பதற்கு முன்பே முகடுகள் கரிந்துவிடும். ஓரத்தில் குழம்பு கொப்பளிக்கத் தொடங்கிய பிறகு பாத்திரத்தை மேல்தட்டுக்கு மாற்றி, மேல்கம்பியை மட்டும் எரியவிட்டு, கதவருகிலேயே நின்று 5 நிமிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தில் போனை எடுக்கக் கூடாது. பொன்னிறத்துக்கும் கருப்புக்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லை.

மின்னழுத்தம் குறைவாக உள்ள வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 230 வோல்ட்டுக்குச் செய்த கம்பிக்கு 200 வோல்ட்தான் வருகிறது என்றால், அது தரும் வெப்பம் நான்கில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். குமிழ் 190 என்று காட்டினாலும் உள்ளே அந்தச் சூடு இல்லாமலிருக்கலாம். உள்ளே வைக்கும் சிறு வெப்பமானி ஒன்று இருந்தால் குமிழை நம்ப வேண்டியதில்லை. கோடை மாலைகளில், தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரத்தில், நான் இதைச் சுட வைப்பதே இல்லை. காலை பதினொரு மணிக்கு வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும்.

வெளியே எடுத்ததும் வெட்டக் கூடாது. 10 நிமிடம் நின்றால் குழம்பு இறுகி, வெட்டிய துண்டு அடுக்குக் கலையாமல் தட்டுக்கு வரும். அதற்கு மேல் ஆறவிடவும் கூடாது. ஆட்டுக் கொழுப்பு மற்ற கொழுப்புகளைவிடக் கூடிய சூட்டில்தான் உருகும் என்பதால், சூடு தணியத் தணிய அது உறைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சூடாகச் சாப்பிட வேண்டிய உணவு இது. சோறு, சப்பாத்தி எதுவும் துணைக்கு வேண்டாம். நறுக்கிய வெங்காயமும் வெள்ளரியும் காடியில் ஊறியது போதும். என் மாமியார் முதலில் மேலடுக்கை மட்டும் தனியே எடுத்து வாயில் போட்டார், பிறகு கறியோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, “தனியாத் தின்னா இனிக்கிது, சேத்துத் தின்னா காரத்துக்கு அணைவா இருக்குத்தா. இன்னுங் கொஞ்சம் மொளகு தாங்கும்” என்றார். அந்தக் கணிப்பை ஏற்று, மேலே தூவுவதற்கும் கொஞ்சம் மிளகை உடைத்து வைக்கிறேன்.

ஓடிஜி இல்லாத வீட்டிலும் இதைச் செய்யலாம். அலங்காநல்லூர்ப் பக்கத்தில் உள்ள எங்கள் உறவினர் வீட்டில் விறகடுப்பில் செய்தோம். அடிகனமான எவர்சில்வர் சட்டியில் கறியையும் கிழங்கையும் அடுக்கி, அடுப்பில் தீயைத் தணித்துத் தணலாக்கி அதன் மேல் சட்டியை ஏற்றி, குழிந்த இரும்பு மூடியால் மூடி, மூடியின் மேல் கொட்டாங்குச்சித் தணலைப் பரப்பினோம். பிரியாணிக்குத் தம் போடும் அதே முறைதான். இதில் கீழ்ச்சூடு குறைவாகவும் மேல்சூடு அதிகமாகவும் இருக்க வேண்டும். கீழே ஒரு பங்கு தணல் என்றால் மேலே மூன்று பங்கு. மூடி கிழங்கைத் தொடாமல் நான்கு விரற்கடை உயரத்தில் நிற்க வேண்டும், தொட்டால் அந்த இடம் கரிந்து மூடியோடு பிய்ந்து வரும். அரைமணி நேரத்தில் சிவந்துவிட்டது. ஓடிஜியில் வராத ஒரு புகைமணமும் மேலடுக்கில் ஏறியிருந்தது. சிவப்பு சீராக இல்லை, தணல் குவிந்த இடத்தில் கூடுதலாக இருந்தது. ருசிக்கு அதனால் குறைவில்லை.

புரட்டாசியிலும் கறி சாப்பிடாத உறவினர் வரும் நாளிலும் கொத்துக்கறியின் இடத்தில் மொச்சையை வைக்கலாம். தை மாதத்தில் பச்சை மொச்சையும் சீனிக்கிழங்கும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வருவதால் இந்த இணை இயல்பாகவே அமைகிறது. புரட்டாசியில் காய்ந்த மொச்சையை முந்தைய இரவே ஊறவைத்துத் தோல் நீக்கிக்கொள்ள வேண்டும். மொச்சையைக் குழைய விடாமல் அரைவேக்காட்டுக்குச் சற்று மேலே வேகவைத்து, பொடியாக நறுக்கிய காளானை நீர் வற்றச் சிவக்க வதக்கிச் சேர்த்தால் கறிக்குரிய ஆழம் கிடைக்கும். கருவாட்டுப் பொடியை விட்டுவிட்டுப் புளியைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

மீந்ததை மதுரை வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது; மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மறுபடி சூடாக்கும்போது குளிர்ந்த கண்ணாடிப் பாத்திரத்தை நேராகச் சூட்டில் வைத்தால் விரிந்து உடையும் என்பதால், அரைமணி நேரம் முன்பே வெளியில் எடுத்துவைத்து, பிறகு 160 டிகிரியில் நடுப்பகுதியிலும் ஆவி பறக்கும்வரை வைக்க வேண்டும். ஒரே ஒரு துண்டுதான் மிச்சம் என்றால் நான் ஓடிஜியை மூட்டுவதில்லை. தோசைக்கல்லில் சற்றுத் தடித்த தோசை ஊற்றி, மேல்மாவு ஈரமாக இருக்கும்போதே அந்தத் துண்டைக் கரண்டியால் உடைத்துப் பரப்பி, திருப்பிப் போட்டு நல்லெண்ணெய் சுற்றி வேகவிட்டால், கிழங்கு கல்லில் பட்டுச் சிவந்து, கறிதோசையாகவே வந்துவிடுகிறது.